அந்த அம்மா பார்க்காத அருவி

போன வருடம் மார்கழியில், நானும் என் கணவரும் முதுகில் ஆளுக்கொரு பெரிய பையை மாட்டிக்கொண்டு, ஆந்திர எல்லையைத் தாண்டியிருக்கும் ஒரு காட்டு அருவிக்கு நடந்து போன அன்று நடந்தது இது.

நாங்கள் இருப்பது மயிலாப்பூரில். என் கணவர் பிறந்து வளர்ந்ததே குளத்தைச் சுற்றியுள்ள தெருக்களில்தான். நான் வேலூரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இரண்டு பேரும் வேலைக்குப் போகிறோம். கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு ஒரே ஆசை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே தங்குவோம் எப்போது திரும்புவோம் என்று திட்டம் எதுவும் இல்லாமல், ஊர் ஊராகச் சுற்ற வேண்டும். ஆனால் எடுத்த லீவெல்லாம் நாத்தனார் சீமந்தம், மாமனாருக்குக் கண் ஆபரேஷன், குலதெய்வம் கோயிலில் மாவிளக்கு என்றே கரைந்துகொண்டிருந்தது. அலுவலகத் தோழிகள் மணாலி, மேகாலயா என்று படம் போடும்போதெல்லாம் வயிறு எரிய ஒரு லைக் போட்டுவிட்டு வேலையைப் பார்ப்பேன். ஒருவழியாக இருவருக்கும் சேர்ந்தாற்போல ஐந்து நாள் லீவு கிடைத்தது. முதல் நாள் அருவி, மறுநாள் பழவேற்காடு ஏரி, அப்படியே கடலோரமாக நெல்லூர் வரை என்று முடிவு செய்தோம்.

கிளம்புவதற்கு முந்தின நாள்தான் என் மாமியாருக்கு அந்தக் கிழமை உறைத்தது. நாங்கள் போவது வடக்கே. புறப்படுவதோ செவ்வாய்க்கிழமை. செவ்வாய், புதன் இரண்டு நாளும் வடக்கே சூலம், அந்தத் திசையில் பயணம் கிளம்பக் கூடாது என்பது அவர்கள் வீட்டு வழக்கம்.

"செவ்வாக்கிழமை யாராவது வடக்கே கிளம்புவாளாடா? வியாழக்கிழமையா போயிட்டு வாங்கோ" என்றார்.

"லீவே அஞ்சு நாள்தான்மா. அதுல ரெண்டு நாள் ஆத்துலயே உக்காந்துண்டிருந்தா எப்படி?" என்றார் என் கணவர்.

கடைசியில் மாமியாரே ஒரு வழியும் சொன்னார். அதற்குப் பெயர் பரஸ்தானம். நாள் சரியில்லை என்றால், அதற்கு முன்பே ஒரு நல்ல நேரம் பார்த்து, கூடக் கொண்டுபோகிற சாமான் ஒன்றை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். அதோடு பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். மறுநாள் போகிற போக்கில் அதை எடுத்துக்கொண்டு கிளம்பினால் தோஷம் ஒன்றும் இல்லை. எங்கள் பிறந்த வீட்டில் இதெல்லாம் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கு இந்த ஏற்பாடு பிடித்துப் போயிற்று. கிரகங்களோடுகூட இப்படிப் பேசித் தீர்த்துக்கொள்ள முடிகிறதே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

மூட்டை மாதிரி இருக்கும் பெரிய பையைத் தூக்கிக்கொண்டு போவானேன் என்று, கையில் அகப்பட்ட சின்ன ஜிப் பையை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். டார்ச், பிளாஸ்திரி, தலைவலி மாத்திரை, என் கணவருடைய இன்ஹேலர் எல்லாம் அதில்தான் இருந்தன. அவருக்குச் சின்ன வயதிலிருந்தே வீசிங் தொந்தரவு உண்டு. பனியும் தூசும் ஆகாது. மாமியார் அந்தப் பையை எதிர் ஃபிளாட் மாமியிடம் கொடுத்து, சுவாமி அலமாரி பக்கத்தில் வைக்கச் சொல்லிவிட்டு நிம்மதியாக வந்தார்.

மறுநாள் விடிவதற்கு முன்பே டாக்ஸிக்காரர் போன் மேல் போன் போட்டார். தெருமுனையில் வண்டியைத் திருப்ப முடியவில்லையாம். மாடத் தெருப் பக்கம் பஜனை போய்க்கொண்டிருந்தது. இருட்டில் தடுமாறி, பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். எதிர் ஃபிளாட் மாமி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "பத்திரமா போயிட்டு வாங்கோ" என்று வாய் நிறையச் சொன்னார். நாங்களும் தலையாட்டிவிட்டு வண்டியில் ஏறிவிட்டோம்.

சென்ட்ரலிலிருந்து மின்சார ரயில். இறங்கிய இடத்திலிருந்து காடு தொடங்கும் வரை ஆட்டோ. அதற்கப்புறம் நடை. கூழாங்கல்லும் முள்ளுமாக இருந்த ஓடைக்கரையில் கொஞ்ச தூரம் போனதும் முதல் மடு வந்தது. மேலிருந்து ஒரு சின்ன அருவி விழ, பச்சைப் பசேலென்று தண்ணீர். அங்கே மஞ்சள் தொப்பி போட்ட ஒரு கூட்டம் ஏற்கெனவே இறங்கிக் குளித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் பணி ஓய்வு பெற்ற வயதுக்காரர்கள். அசோக் நகரில் ஒரு பூங்காவில் தினமும் காலையில் சேர்ந்து நடக்கிறவர்களாம். கிழமை நாளில் கூட்டம் இருக்காது என்று வேன் பிடித்து வந்திருந்தார்கள்.

நான் பாறையில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்து எள்ளுருண்டை டப்பாவை நீட்டினார். அறுபதைத் தாண்டியிருக்கும். நூல் புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகி, காலில் புத்தம் புதிய ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டிருந்தார். இடுப்பில் ஒரு குட்டிப் பை. தொப்பிக்குக் கீழே மல்லிகைப்பூ எட்டிப் பார்த்தது. பேசத் தொடங்கியதும் நாங்கள் வெகுநாள் பழகினவர்கள் மாதிரி ஆகிவிட்டோம்.

"எங்க வீட்டுக்காரருக்கு தி.நகர்ல பாத்திரக் கடைம்மா. நான் கல்யாணமாகி வந்த நாள்லேருந்து கடையைச் சாத்திப் பாத்ததே இல்ல. கடையைச் சாத்தினாத்தான எங்கயாச்சும் போக முடியும்? கோயிலுக்குப் போயிருக்கேன், கல்யாண வீட்டுக்குப் போயிருக்கேன். சும்மா ஒரு எடத்தப் பாத்துட்டு வரணும்னு போறது இதான் முதல் தடவை" என்றார்.

மேலே இன்னும் பெரிய அருவி இருப்பதாகச் சொன்னார். அதைப் பார்க்கத்தான் வந்தாராம். அவருக்கும் இளைப்பு உண்டு. மூத்த மகன் போகவே வேண்டாம் என்றானாம். இவர் நேரே டாக்டரிடம் போய்க் கேட்டு, மருந்தைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாக ஏறலாம் என்று அவர் வாயாலேயே சொல்ல வைத்து, மகனை அடக்கியிருக்கிறார். இரண்டு மாதமாக லிஃப்ட்டைத் தொடவில்லையாம். நாலு மாடியும் படிதான். "நம்மால முடியாதுன்னு நாமளே சொல்லிக்கக் கூடாதும்மா" என்று சிரித்தார். ஐந்து நாள் லீவு கிடைக்கவில்லை என்று மூன்று வருடம் மூக்கால் அழுத என்னை நினைத்துக்கொண்டேன், கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

மஞ்சள் தொப்பிக் கூட்டத்தில் பெரும்பாலோர் மடுவோடு நின்றுவிட்டார்கள். மேலே ஏறியது அந்த அம்மா, அவருடைய தோழி ஒருவர், அவர்கள் அமர்த்தியிருந்த உள்ளூர் வழிகாட்டி, அப்புறம் நாங்கள் இருவர். பாறைக்குப் பாறை கை கொடுத்து ஏற வேண்டிய வழி. வெயில் உள்ளேயே வராத இடம், பாறையெல்லாம் சில்லென்று இருந்தது. அந்த அம்மா நின்று நின்று, ஆனால் ஒரு முறைகூடச் சலித்துக்கொள்ளாமல் ஏறினார்.

பாதிக்கு மேல் ஏறியிருப்போம். பின்னால் வந்துகொண்டிருந்த என் கணவர் பேச்சை நிறுத்தியிருந்தார். திரும்பிப் பார்த்தால், ஒரு மரத்தைப் பிடித்தபடி நின்றுகொண்டிருக்கிறார். தோள் இரண்டும் தூக்கித் தூக்கிப் போடுகிறது. மூச்சு உள்ளே போகும் சத்தம் எனக்கே கேட்டது. பையைக் கழற்றச் சொல்லி உட்காரவைத்துவிட்டு, இன்ஹேலரைத் தேடினேன். முன் ஜிப்பில் இல்லை. பக்கவாட்டில் இல்லை. துணிகளை எல்லாம் பாறை மேல் கொட்டினேன். அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"எதிராத்துல" என்றார், அந்த ஒரு வார்த்தைக்கே மூச்சு போதாமல்.

நல்ல நேரம் பார்த்துப் புறப்பட்டது அந்தச் சின்னப் பை ஒன்றுதான். அது எதிர் ஃபிளாட்டைத் தாண்டவே இல்லை. போனில் சிக்னல் இல்லை. ஆட்டோ நிற்கும் இடத்துக்குத் திரும்பி நடக்கவே வெகு நேரமாகும். அவருடைய உதட்டு நிறம் மாறிக்கொண்டிருந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை. அழுதேன், அவ்வளவுதான்.

மேலே போய்விட்டிருந்த அந்த அம்மா சத்தம் கேட்டுத் திரும்பி இறங்கி வந்தார். வரும்போதே இடுப்புப் பையைத் திறந்து தன் இன்ஹேலரை எடுத்துவிட்டார்.

"இதான போடுவாரு? நீலம்தான?"

அதேதான். புடவைத் தலைப்பால் வாய்ப்பகுதியைத் துடைத்துவிட்டு, குலுக்கி, என் கணவர் வாயில் வைத்து அவரே அழுத்தினார். "மெதுவா இழுங்க தம்பி. புடிச்சி வைங்க. அவசரமே இல்ல" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்சம் விட்டு மறுபடி ஒரு முறை. அப்புறம் இன்னொரு முறை. மெல்ல மெல்ல அந்தச் சத்தம் அடங்கியது. என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்து, கையெடுத்துக் கும்பிட்டார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இதுவரைக்கும் நடந்ததை நான் யாரிடமும் தயங்காமல் சொல்வேன். இனிமேல் நடந்ததைச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை.

நான் இன்ஹேலரைத் துடைத்து அந்த அம்மாவிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"அவர்கிட்டயே இருக்கட்டும்மா. எறங்கறப்ப மறுபடி வந்தா என்ன பண்ணுவீங்க?"

"உங்களுக்கு வேணுமே அம்மா?"

"எனக்கு முட்டி வலி எடுத்துடுச்சு. நான் இதோட கீழ போயிடறேன். எறங்கறதுதான, ஒண்ணும் ஆகாது." பக்கத்தில் நின்ற தோழி ஏதோ சொல்ல வாயெடுத்தார். அந்த அம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு வழிகாட்டியிடம், "நீங்க இவங்களை மேல கூட்டிட்டுப் போங்க. இவ்ளோ தூரம் வந்துட்டுப் பாக்காமப் போகலாமா?" என்றார்.

அந்த நேரத்தில் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். 'வாங்கம்மா, எல்லாரும் சேர்ந்தே இறங்குவோம்.' அதைச் சொல்லியிருந்தால் மருந்தும் கூடவே போயிருக்கும், வழிகாட்டியும் கூடவே போயிருப்பார். என் கணவர்கூட, "நாமளும் போயிடலாமா?" என்று என்னைக் கேட்டார். நான்தான், "இப்ப நன்னாதான இருக்கு உங்களுக்கு? இன்னும் கொஞ்ச தூரம்தானாம். மெதுவா போயிட்டு வந்துடலாமே" என்றேன். சொன்னதோடு நில்லாமல் முதலில் எழுந்தவளும் நான்தான். மூன்று வருட ஆசை என்னைத் தள்ளியது. முட்டி வலி என்று அவர் சொன்னது எனக்கு அவ்வளவு வசதியாக இருந்தது. அவர் எங்களுக்கு நேர் எதிரே, கண்ணெதிரே நின்றுகொண்டிருந்தார். ஆனால் நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

மேலே போனோம். அருவியைப் பார்த்தோம். சாரல் ஆகாது என்று என் கணவர் தள்ளி நின்றார். நான் எல்லாப் பக்கமும் நின்று படம் எடுத்துக்கொண்டேன். அந்தப் படங்களில் என் முகத்தைப் பார்த்தால் எனக்கே கோபம் வரும். அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறேன்.

திரும்பிக் காட்டு முனைக்கு வந்தபோது வெயில் சாய்ந்திருந்தது. மஞ்சள் தொப்பிக்காரர்கள் தரையில் ஆங்காங்கே உட்கார்ந்திருந்தார்கள். வேனைக் காணோம். அந்த அம்மாவைத் தேடினேன். தோழி மட்டும்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"இன்னாம்மா, பாத்துட்டு வந்துட்டீங்களா அருவி?" என்றார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் சுருக்கென்றது.

"அம்மா எங்கே?"

"ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போயிருக்காங்க. எறங்கறப்போ பாதி வழில மூச்சு முட்டிகிச்சு. குந்திட்டாங்க. வுட்டுட்டு வரவும் முடியல, தூக்கவும் முடியல. நான் கத்திகினே கீழ ஓடி வந்து ஆளுங்களக் கூட்டிகினு போனேன். பெட்ஷீட்டுல வெச்சுத் தூக்கிகினு வந்தோம்."

"முட்டி வலின்னு சொன்னாங்களே" என்றேன். அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

"முட்டி வலியா? அவங்களுக்கு ஏது முட்டி வலி? தெனம் நாலு மாடி ஏறி எறங்கினு இருந்தவங்க. மருந்த உங்ககிட்ட குட்த்துட்டாங்க. அது இல்லாம மேல போவ பயம். சொன்னா நீங்க வாங்கிக்க மாட்டீங்கன்னு ஒரு முட்டி வலி. உங்களுக்கு அது கூடவா புரியல?"

என் கணவர் சட்டைப் பையிலிருந்த இன்ஹேலரை எடுத்து நீட்டினார். அந்தத் தோழி அதை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் பையில் போட்டுக்கொண்டார்.

வேன் திரும்பி வரும் வரை நாங்களும் அங்கேயே நின்றோம். பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்கு மருந்து பிடித்து, ஆபத்து இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். மகன் சென்னையிலிருந்து காரில் கிளம்பி வந்துகொண்டிருக்கிறான் என்றார் டிரைவர். நாங்கள் வந்து பார்க்கட்டுமா என்று கேட்டேன். "எதுக்கு? பையன் ஏற்கெனவே கோவமா கீறான்" என்றார் தோழி. பழவேற்காடும் இல்லை, நெல்லூரும் இல்லை. அன்றே வீடு திரும்பினோம்.

நடந்ததைக் கேட்ட என் மாமியார் சுவாமி முன்னால் விழுந்து கும்பிட்டார். "பரஸ்தானம் வெச்சதாலதான் தெய்வமே அந்த மாமி ரூபத்துல வந்து நின்னுருக்கு" என்றார். தெய்வமாக இருந்தால் பரவாயில்லையே, அதற்கு மூச்சு முட்டாதே என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அசோக் நகருக்குப் போய், மஞ்சள் தொப்பியில் அச்சிட்டிருந்த குழுவின் பெயரைச் சொல்லி விசாரித்து, அந்தப் பூங்காவைக் கண்டுபிடித்தோம். அன்று அந்த அம்மா வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் வரவில்லை. அவருடைய தோழி எங்களைப் பார்த்துவிட்டு, வேண்டா வெறுப்பாகத்தான் பேசினார். ஆனாலும் விடாமல் வருகிறோமே என்று கொஞ்சம் இளகி, "பொங்கல் கழிச்சு வருவாங்க" என்றார்.

பொங்கல் முடிந்து போனபோது இருந்தார். மற்றவர்கள் எல்லாரும் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருக்க, அவர் மட்டும் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆள் இளைத்திருந்தார். காலில் ஸ்போர்ட்ஸ் ஷூ இல்லை, சாதாரணச் செருப்பு. எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, என் கணவரைத்தான் முதலில் விசாரித்தார். "நல்லாருக்கீங்களா தம்பி? மறுபடி வந்துச்சா?"

நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். நான் அழுதேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்தான போகச் சொன்னேன், நீங்க என்ன பண்ணுவீங்க? எனக்கு ஒண்ணும் இல்ல. பசங்கதான் பயந்துட்டானுங்க. நடக்கக் கூடாது, சும்மா உக்காந்துட்டு வரணும்னு சொல்லிப் பெரியவன் கொண்டாந்து விடறான். வேன்ல ஏத்த மாட்டேன்னு இவங்ககிட்டயும் சத்தியம் வாங்கிட்டான்" என்று நடந்துகொண்டிருந்தவர்களைக் காட்டிச் சிரித்தார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அது கெடக்கட்டும். மேல எப்டிம்மா இருந்துச்சு?"

அவர் அதைக் கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "பெருசா ஒண்ணும் இல்லம்மா. கீழ பாத்த மாதிரிதான். தண்ணியும் கம்மிதான்" என்றேன்.

அவர் என்னைச் சற்று நேரம் பார்த்தார். "அப்டிச் சொல்லாதம்மா. நல்லா இருந்துச்சுன்னு சொல்லு. போகாத எடத்தக் காதாலயாச்சும் கேட்டுக்கறேன்."

சொன்னேன். பாறை இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கும் என்றேன். நடுவிலிருந்து தண்ணீர் வெள்ளையாக விழும், கீழே போய்ப் பச்சையாக நிற்கும் என்றேன். ஒரு மீன்கொத்தி வந்தது என்றேன். சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, அங்கே போய் நின்றதும் வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. படம் எடுத்துக்கொண்டிருந்தவளுக்கு அவ்வளவுதான் தெரியும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அவ்ளோ சத்தமா?" என்று கேட்டுவிட்டு, போதும் என்பது போல என் கையைத் தட்டிக் கொடுத்தார்.

நாங்கள் இப்போதும் எப்போதாவது போய் அவரைப் பார்க்கிறோம். அவரை மறுபடி வெளியே அனுப்பச் சொல்லி அவர் மகனிடம் பேசிப் பார்த்தோம், மகன் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை, அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அவர் அம்மா வாழ்நாளில் தனக்காகப் புறப்பட்டது அந்த ஒரு தடவைதான், அதையும் நாங்கள் வாங்கிக்கொண்டு மேலே ஏறிவிட்டோம். அன்றிலிருந்து யாராவது என்னிடம், 'எனக்குப் பரவாயில்ல, நீங்க போங்க' என்று சொன்னால், நான் உடனே எழுந்துவிடுவதில்லை, முதலில் சொன்னவர் முகத்தைப் பார்க்கிறேன்.